ஓர் இரவுக் கப்பல் பயணமும் நம் வணிகர் போட வேண்டிய கணக்கும்

திருப்பூருக்குக் கடல் கிடையாது. நமக்கு வாய்த்தது நொய்யல் ஒன்றுதான். ஆயினும் நம் ஊரில் தைத்த பனியன் கடல் கடக்காத நாள் இல்லை. பெட்டியில் அடுக்கி, கண்டெய்னரில் ஏற்றி, தூத்துக்குடிக்கும் கொச்சிக்கும் அனுப்பிவிடுகிறோம். மளிகைக்காரர்களாகிய நாமும் கடல் வழியே வந்த பட்டையையும் கிராம்பையும் நாள்தோறும் நிறுத்து விற்கிறோம். ஆனால் சரக்கு போய் வரும் அந்தக் கடலில் நாம் ஓர் இரவாவது பயணம் செய்து பார்த்திருக்கிறோமா என்று கேட்டால், நூற்றுக்கு ஒருவர் தேறுவதும் கடினம்.

இலங்கைக்கு மறுபடியும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, நம் சங்க உறுப்பினர் பலர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். "ஏனுங்க, கப்பலில் போனால் செலவு மிச்சமாகுமா? கையோடு சரக்குக் கொண்டு போகலாமா? இரவில் கடலில் பயமில்லையா?" 2011-ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு இரவுக் கப்பலில் நாங்கள் நான்கு வணிகர்கள் போய் வந்தோம். அப்போது கண்டதையும், அந்தக் கடல் வழியைப் பற்றி நம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதையும் இங்கே தருகிறோம்.

நம் முன்னோர் போன வழி

தூத்துக்குடி - கொழும்பு இரவுக் கப்பல் புதிய ஏற்பாடன்று. பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் ரயிலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறி, இரவெல்லாம் பயணம் செய்து காலையில் கொழும்பு சேர்ந்தார்கள். அக்காலத்தில் கரையோரம் ஆழம் இல்லாததால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளும் மூட்டை முடிச்சுகளும் சிறு படகில் போய்த்தான் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழை எளியவர்களும், கொழும்பில் கடை வைத்திருந்த நம் பக்கத்து வணிகர்களும் அந்தப் படகில்தான் ஏறினார்கள்.

அந்த வழியில் ஏகபோகமாகக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதை எதிர்த்து 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் ஒரு வணிகரின் கண்ணால் படித்தோமா? முதலீடு 10 லட்சம் ரூபாய். ரூ. 25 வீதம் 40,000 பங்குகள். பங்கு எடுத்தவர்களில் பெரும் பகுதியினர் வணிகர்கள். 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

அதன் பிறகு நடந்தது என்ன? எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியது. கடைசியில் எதிரி, கட்டணமே வேண்டாம், இலவசமாக வாருங்கள், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றான். பணபலம் உள்ளவன் சில காலம் நட்டத்துக்கு விற்று, பக்கத்துக் கடையை மூட வைத்த பிறகு விலையை ஏற்றுவது இன்று நேற்று வந்த தந்திரம் அன்று என்பதை இதிலிருந்து அறியலாம். 1908-இல் வ.உ.சி. சிறையில் அடைக்கப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அந்தக் கப்பலை நிறுத்தியது அரசின் அடக்குமுறை என்பது உண்மை. ஆனால் இலவசக் குடைக்கு மயங்கிய பயணிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

1914-க்குப் பிறகு போட் மெயில் தனுஷ்கோடி வழியே சென்றது. ரயிலை விட்டு இறங்கிக் கப்பல் ஏறினால் குறுகிய நேரத்தில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்ற பயணிகள் ரயிலையும் கடல் கொண்டு போயிற்று. பிறகு ராமேசுவரத்திலிருந்து ராமானுஜம் என்ற கப்பல் தலைமன்னாருக்கு ஓடியது. அதே 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி மலையகத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் வந்து இறங்கியதும் அக்கப்பலில்தான். இனக்கலவரத்தைத் தொடர்ந்து 1984-இல் அதுவும் நின்றது. பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இரு கரைகளுக்கும் இடையே பயணிகள் கப்பல் இல்லை.

2011-இல் நாங்கள் போன கப்பல்

2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பலை அன்றைய மத்தியக் கப்பல் துறை அமைச்சர் ஜி. கே. வாசன் தொடங்கி வைத்தார். ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய கப்பல். 1972-இல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் போர்ட்லாந்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள யார்மவுத்துக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியதால் அந்தப் பெயர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 152 கடல் மைல். கடல் மைல் ஒன்று 1.852 கிலோமீட்டர் என்பதால், நம் கணக்கில் சுமார் 281 கிலோமீட்டர். பயண நேரம் ஏறத்தாழ 14 மணி. வாரத்தில் இரண்டு நாள் கப்பல்.

நாங்கள் சென்றது செப்டம்பர் மாதம். காதர்பேட்டை பனியன் வணிகர்கள் இருவர், பல்லடத்து மளிகைக்காரர் ஒருவர், அடியேன். திருப்பூரில் முன்னிரவில் பஸ் ஏறி, மதுரை வழியாக விடியற்காலையில் தூத்துக்குடி சேர்ந்தோம். கப்பல் மாலையில்தான் என்றாலும், பாஸ்போர்ட் பரிசோதனை, சுங்கம், சாமான் எடை என்று வரிசை வரிசையாக நிற்பதற்கே நண்பகல் ஆகிவிட்டது. ரயிலுக்குப் போவது போலக் கடைசி நிமிடத்தில் ஓடி ஏற முடியாது என்பது முதல் பாடம்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் வவுனியாவைச் சேர்ந்த ஓர் அம்மையார் நின்றார். நம் பக்கத்து அகதிகள் முகாமில் பல வருடம் இருந்து தையல் வேலை பார்த்தவர். ஊர் நிலைமை எப்படி இருக்கிறது, திரும்பி வந்து பிழைக்க முடியுமா என்று பார்த்து வரப் போவதாகச் சொன்னார். அவருடைய சாமானில் முக்கியமானது ஒரு பழைய தையல் இயந்திரம். "விமானத்தில இதைக் கொண்டு போக ஏலுமே தம்பி? இது போனால்தானே நான் அங்க உழைக்கலாம்" என்றார். கப்பல் எதற்கு வேண்டும் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசினார்கள். அந்த அம்மையார் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு மேல் எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விமானம் ஆளைக் கொண்டு போகும். கப்பல் ஆளையும் அவன் பிழைப்பையும் சேர்த்துக் கொண்டு போகும். அடுத்த மாதமே, அக்டோபரில், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் தாயகம் திரும்பிய குடும்பங்கள் அதே கப்பலில் சென்றன.

சூரியன் சாயும் நேரத்தில் கப்பல் கரையை விட்டது. முதல் ஒரு மணி நேரம் எல்லாருக்கும் திருவிழாதான். மேல்தளத்தில் நின்று தூத்துக்குடி விளக்குகள் சிறுத்துப் போவதைப் பார்த்தோம். செல்போன் சிக்னல் ஒவ்வொன்றாக அற்றுப் போயிற்று. கடைக்கு ஆள் வந்தானா, லாரி வந்ததா, பில் போட்டார்களா என்று கேட்க வழியில்லாத ஓர் இரவு, வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து எங்களுக்கு அமைந்ததே இல்லை.

பிறகு மன்னார் வளைகுடாவின் அலை தன் வேலையைக் காட்டியது. தென்மேற்குப் பருவக்காற்று ஓயாத மாதம். கப்பல் முன்னும் பின்னுமாக எழுந்து தாழ்ந்தது. பல்லடத்துக்காரர் புறப்படுமுன் வயிறு நிறைய பரோட்டா சாப்பிட்டிருந்தார். அவர் அந்த இரவு முழுவதும் பட்ட பாட்டை எழுதினால் அவர் வீட்டார் வருந்துவார்கள். புளித்த எலுமிச்சையும் இஞ்சியும் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். கப்பலில் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் ஆட்டம் குறைவு. முனையிலும் மேல்தட்டிலும் அதிகம் என்று கப்பல் சிப்பந்தி ஒருவர் சொன்னார். இடம் மாறிப் படுத்த பிறகு கொஞ்சம் கண் அயர முடிந்தது.

விடிந்ததும் கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. இறங்கும் இடத்தில்தான் வணிகர்களுக்கான இரண்டாவது பாடம். எங்களோடு வந்த வேறு மாவட்டத்து வியாபாரி ஒருவர், இருபது டஜன் பனியனை மூட்டை கட்டிச் சொந்தத் துணி என்று எழுதிக் கொடுத்திருந்தார். சுங்க அதிகாரி தமிழிலேயே சிரித்துக்கொண்டு, "ஐயா, இவ்வளவையும் நீங்களா உடுத்தப் போறீங்கள்?" என்று கேட்டார். பில் இல்லை. தீர்வை கட்டி மூட்டையை மீட்பதற்குள் அரை நாள் போயிற்று. கட்டிய பணத்தில் எதிர்பார்த்த லாபமும் போயிற்று.

காதர்பேட்டை நண்பர்கள் கொண்டு வந்தது சாம்பிள் பை ஒன்றும் ஆர்டர் புத்தகம் ஒன்றும்தான். பத்து மணிக்கெல்லாம் புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஜவுளிக் கடைகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மளிகைக்காரர்கள் நாலாம் குறுக்குத் தெருவில் பட்டை, மிளகு, கிராம்பு விலை விசாரித்தோம். கூப்பிட்டவுடன் பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்து, நம் ஊர் மொத்தக் கடைத் தெரு போலவே கையில் அள்ளிக் காட்டினார்கள். பட்டையில் உண்மையான இலங்கைக் கருவாப்பட்டை எது, தடித்த மாற்றுப் பட்டை எது என்று கண்ணால் கண்டு, ஒடித்துப் பார்த்து, மென்று பார்த்துத் தெரிந்துகொண்டது அந்தத் தெருவில்தான். இந்தக் கல்வி தொலைபேசியில் கிடைக்காது. காதர்பேட்டைக்காரர்கள் எடுத்த ஆர்டர், பின்னர் முறையான பில்லுடன் சரக்குக் கப்பலில் போய்ச் சேர்ந்தது.

ஏன் நின்று போயிற்று?

2011 ஜூனில் தொடங்கிய கப்பல் அந்த ஆண்டு நவம்பரிலேயே நின்றது. முழுதாக ஆறு மாதம் கூட ஓடவில்லை. காரணம் ஒன்றும் மர்மமில்லை. வரவுக்கும் செலவுக்கும் ஒத்துவரவில்லை. ஆயிரம் பேர் அமரும் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, நூறு பேருக்குப் பந்தி போட்டால் மண்டப வாடகை குறையுமா? கப்பலும் அப்படித்தான். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் எண்ணெய் எரியும், துறைமுகக் கட்டணம் உண்டு, மாலுமி சம்பளம் உண்டு.

உலகில் பல இடங்களில் இரவுக் கப்பல் லாபத்தில் ஓடுகிறது. ஜப்பான், கிரீஸ், இத்தாலி, பால்டிக் கடல் நாடுகள் ஆகியவற்றில் பயணிகள் மேலே தூங்குகிறார்கள்; கீழ்த்தட்டில் சரக்கு லாரிகள் அப்படியே ஏறி நிற்கின்றன. காலையில் கதவு திறந்ததும் லாரி கடைக்குப் போகிறது. பயணி கொடுக்கும் டிக்கெட்டும், வணிகன் கொடுக்கும் லாரி வாடகையும் சேர்ந்து கப்பலைத் தாங்குகின்றன. நம் பக்கத்தில் பயணி டிக்கெட்டை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய கப்பலை விட்டால் நிலைக்காது. சரக்குக்கு முறையான இடமும், சுங்கத்துக்கு எளிய நடைமுறையும், அளவான கப்பலும் இருந்தால் மட்டுமே நிற்கும். இதைச் சொல்ல வேண்டியவர்கள் வணிகர்கள். நாம் கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

எடை என்னும் எமன்

கப்பலில் வணிகனுக்குள்ள பங்கு வாடகையோடு முடிவதில்லை. எடையிலும் உண்டு. இதைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறோம்.

2002 செப்டம்பர் 26 இரவு, மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் ஜூலா என்ற கப்பல் கவிழ்ந்தது. ஏறத்தாழ 580 பேருக்கான கப்பலில் 1,900-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 1,800-க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அவர்களில் பலர் தலைநகர் டக்கார் சந்தைக்கு விளைபொருள் கொண்டு போன சிறு வியாபாரிகள், நம்மைப் போன்றவர்கள்.

2014 ஏப்ரல் 15 இரவு தென் கொரியாவின் இஞ்சனிலிருந்து ஜேஜூ தீவுக்குப் புறப்பட்ட செவோல் கப்பல், மறுநாள் காலை கவிழ்ந்தது. 476 பேரில் 304 பேர் இறந்தனர். பெரும்பாலோர் சுற்றுலா சென்ற பள்ளிப் பிள்ளைகள். விசாரணையில் தெரிந்தது என்ன? 987 டன் சரக்கு ஏற்ற அனுமதி. ஏற்றியது 2,142 டன். சரக்கைச் சரியாகக் கட்டவும் இல்லை. எடை தெரியாமலிருக்க, கப்பலை நிலைநிறுத்த அடியில் வைக்கும் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். கப்பல் கூர்மையாகத் திரும்பியபோது சரக்கு ஒரு பக்கம் சரிந்தது, கப்பலும் சரிந்தது.

லாரியில் மேற்பாரம் ஏற்றித் திருப்பத்தில் கவிழ்ந்ததை நாம் காங்கயம் சாலையிலும் அவிநாசி சாலையிலும் பார்த்திருக்கிறோம். அதே கணக்குதான் கடலிலும். லாரி கவிழ்ந்தால் ஓட்டுநரும் கிளீனரும். கப்பல் கவிழ்ந்தால் ஓர் ஊரே. ஆகவே, "இன்னும் நான்கு மூட்டைதானே, ஏற்றுங்கள்" என்று சிப்பந்தியின் கையில் ரூபாய் நோட்டைத் திணிக்கும் வணிகன், அந்தக் கப்பலில் தூங்கும் குழந்தையின் உயிரை அடகு வைக்கிறான். எடைக்கல்லில் பொய் சொல்லக் கூடாது என்று தொழில் பழகிய நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இரவுப் பயணம் செய்வோர் கவனத்துக்கு

போய் வந்த அனுபவத்தில் சில யோசனைகள்:

ஏறியவுடன் படுக்கையைத் தேடுமுன், உயிர்காப்பு மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது, மேல்தளத்துக்கு இரண்டு வழிகள் எவை என்று நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அறிவிப்புப் பலகை தெரியாது. கால் பழகிய வழிதான் உதவும். நடைபாதையில் மூட்டை வைக்காதீர்கள், பிறர் வைத்தாலும் அகற்றச் சொல்லுங்கள்.

புறப்படும் நாளில் எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். இட்லி, தயிர்சாதம் போதும். குமட்டல் மாத்திரை வேண்டுவோர், மருத்துவரைக் கேட்டுப் புறப்படுமுன்னரே விழுங்க வேண்டும்; குமட்டல் தொடங்கிய பிறகு பயன் குறைவு. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். கடலில் இரவு குளிரும். ஒரு போர்வை அவசியம்.

சாம்பிள் கொண்டு போங்கள். சரக்கைப் பயணிச் சாமானாகக் கொண்டு போகாதீர்கள். விற்பதற்கான பொருள் எதுவானாலும், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், பில், சுங்க ஆவணம் ஆகியவற்றோடு சரக்காகவே போகட்டும். குருவியாகப் பறப்பதில் ஒருமுறை பிழைக்கலாம். மறுமுறை பெயர் கெடும். நம் பெயரோடு திருப்பூரின் பெயரும் கெடும்.

பயணத் தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் கைவசம் வையுங்கள். கப்பல் காற்றைக் கேட்டுத்தான் புறப்படும். நம் கல்யாண முகூர்த்தத்தைக் கேட்காது.

இப்போது உள்ள வழி

நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபர் 14 அன்று செரியாபாணி என்ற கப்பலுடன் சேவை தொடங்கி, சில நாள்களிலேயே நின்றது. பிறகு 2024 ஆகஸ்டு 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல். நான்கு மணி நேரப் பகல் பயணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பால் இடைநிறுத்தம் உண்டு. 150 பேருக்கான சிறிய கப்பல் என்பதே நமக்கு நம்பிக்கை தருகிறது. கடைக்குத் தக்க வாடகை என்ற கணக்கை இம்முறை யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கடலில் இரவு தங்கிப் பார்க்க விரும்புவோருக்கு நம் நாட்டிலேயே வழி உண்டு. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு அரசுக் கப்பல்களில் அனுமதிச் சீட்டுடன் செல்லலாம். பெரும்பாலும் ஓர் இரவு. சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ மூன்று நாள். அந்தமானில் அரிசி, பருப்பு, துணி என எல்லாமே பெரும்பாலும் கப்பலில் போய் இறங்க வேண்டியவை. அங்குள்ள கடைக்காரர்களில் நம் தமிழர்கள் கணிசம். ஒருமுறை போய்ப் பார்த்து வந்தால், நம் கடையில் ஒரு லாரி தாமதமானால் ஏன் இவ்வளவு கத்துகிறோம் என்று நமக்கே தோன்றும்.

வணிகப் பெருமக்களே! ஒரு கப்பல் வழி நிலைப்பதும் நிற்பதும் அரசாங்கத்தின் கையில் மட்டும் இல்லை. 1906-இல் ரூ. 25 பங்கு வாங்கிய கடைக்காரர் கையில் இருந்தது. 2011-இல் ஏறாமல் விட்ட நம் கையிலும் இருந்தது. ஆகவே நம் சங்கத்தின் சார்பில் இரண்டு காரியங்கள் செய்யலாம் என்பது எங்கள் யோசனை. ஒன்று, ஜவுளி, மளிகை வணிகர்கள் இருபது பேர் கொண்ட குழுவாக நாகப்பட்டினம் வழியே யாழ்ப்பாணம் சென்று, அங்குள்ள வணிகர்களை நேரில் சந்தித்து வருவது. இரண்டு, சிறு வணிகர் முறையான பில்லோடு சிறு அளவுச் சரக்கு அனுப்ப அந்தக் கப்பலிலேயே தனி இடமும், இரு கரைகளிலும் விரைவான சுங்க நடைமுறையும் வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிப்பது. விருப்பமுள்ள உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இன்றே விண்ணப்பியுங்கள்.